இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் எடை

காரைப்பள்ளம் மில்லின் பழைய கேட்டைப் பூட்டி மூன்று வருஷமும் ஏழு மாதமும் ஆகியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஜாபர் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேஜைமேல் மல்லாக்கக் கிடந்த சங்கத்து லேப்டாப்பின் வயிற்றிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்தபோது, அது தொண்ணூற்றொரு கிலோ இருந்தது. ஜாபரின் விரல்களிலிருந்து நழுவிக் கண்ணாடியை உடைத்து, அதன் கீழே இருந்த பலகையை உடைத்து, பலகையின் கீழே அடுக்கியிருந்த கீபோர்டுகளை உடைத்து, சிமெண்ட் தரையில் ஒரு சோற்றுக் கிண்ணம் அளவுக்குக் குழி போட்டு, அந்தக் குழிக்குள் போய் அது சாதுவாக உட்கார்ந்துகொண்டது. ஜாபர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், எதிரே நின்ற கிழவரைப் பார்த்தார்.

"ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதானுங்க தோழர் கழட்டுனேன். வேற ஒண்ணும் பண்ணலை."

"தெரியும்" என்றார் அங்கமுத்து. "எடை இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவர் அப்படித்தான் பேசுவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோக, மீதிப் படிப்பை ரோஸ் நிறத் துண்டுப் பிரசுரங்களில் படித்து முடித்தவர். படித்ததைவிட எழுதியது அதிகம். எழுதியதைவிட அதற்காக உள்ளே போய் வந்தது அதிகம். அறுபத்தேழு வயதிலும் நாலு பேர் கூடிய இடத்தில் முதல் வார்த்தை தன்னுடையதாகவும் கடைசி வார்த்தை தன்னுடையதாகவும் இருக்கவேண்டும் என்று நினைப்பவர். மில்லில் அவர் நின்று வேலை பார்த்தது ஆறே வருஷம். சங்கம் கட்டியதற்காக வெளியே தள்ளப்பட்டபின் முப்பத்துச் சொச்சம் வருஷமாக அதே மில்லின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த லேப்டாப்புக்குள் இருந்தது ஒரே ஒரு சங்கதி. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த மில்லில் வேலை பார்த்தார்கள் என்பதற்கான ஆதாரம். டோக்கன் வில்லைகளின் படம், வருகைச் சீட்டு, மருத்துவ அட்டை, நூல் அறுத்த விரல்களின் படம், ஆயுத பூஜை அன்று மெஷினுக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோ. கேட்டைப் பூட்டிய மில்காரர்கள் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்கள்: 'இவர்களில் யாரும் எங்கள் மில்லில் ஒருநாளும் வேலை செய்ததில்லை, எல்லோரும் காண்ட்ராக்டர் கொண்டுவந்த வெளியாட்கள்.' காகிதங்களைச் சங்க அலுவலகத்துக் கரையான் தின்றுவிட்டது. தின்பதற்கு முன் எடுத்த படங்கள் டிஸ்க்கில் இருந்தன. விசாரணைக்கு நாற்பது நாள் இருந்தது.

லேப்டாப் திறக்கப் பதினோரு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். பொத்தானை அமுக்கிவிட்டு டீ சொல்லி, டீ வந்து, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துத் திரும்பினால்தான் திரையில் ஏதாவது தெரியும். சங்கத்து வழக்கை நடத்தும் வக்கீல் அம்மா சொல்லிவிட்டார், நீதிமன்றத்தில் அதிகாரி முன்னால் பதினோரு நிமிஷம் சும்மா உட்கார முடியாது என்று. அதனால்தான் அங்கமுத்துவும் சங்கச் செயலாளர் தெய்வானையும் அதைத் துணிப்பையில் சுற்றி ஜாபரிடம் கொண்டுவந்தார்கள்.

ஜாபர் நேர்மையான ஆள். பழைய டிஸ்க்கையும் புதிய எஸ்.எஸ்.டி.யையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து, ஒரு சோதனையை ஓடவிட்டுக் காட்டினார். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்தது, இன்னொன்று கிளம்பியதே தெரியாமல் மறுகரைக்குப் போய் நின்றது.

"பழசு நொடிக்கு அறுபது எம்.பி. படிக்குது, அதுவும் மூச்சு வாங்கிட்டு. புதுசு ஐந்நூத்திப் பத்து. பழசுக்குள்ள ஒரு தட்டு இருக்குதுங்க, அது நிமிசத்துக்கு அஞ்சாயிரத்து நானூறு சுத்துச் சுத்தும்."

தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அஞ்சாயிரத்து நானூறா? ஏனுங் பாய், நூல் முறுக்கற எங்க கதிரு பதினெட்டாயிரம் சுத்துமுங்க. இந்த வேகத்துல ஓட்டுனா மேஸ்திரி எங்களை மெஷின் பக்கத்துல நிக்கவே உடமாட்டான்."

"அப்போ புதுசு எத்தனை சுத்து?" என்றார் அங்கமுத்து.

"புதுசுல சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க."

"சுத்தாம எப்படி ஞாபகம் வெச்சிருக்கும்?"

"அதெல்லாம் வெச்சிருக்குமுங்க. ராமைக்கூட நாலு ஜி.பி.ல இருந்து எட்டு ஆக்கலாம். ஆனா ராம் போட்டா நடை கொஞ்சம் வெரசா இருக்கும், இதைப் போட்டா ஓட்டமே. ரெண்டுல ஒண்ணுதான்னா இதைப் போடுங்க. பழசுல இருக்கறதை அப்படியே புதுசுக்கு ஏத்தித் தந்துடறேன். ரெண்டு மணி நேர வேலை."

"ஏத்த வேண்டாம்."

ஜாபர் நிமிர்ந்து பார்த்தார். அங்கமுத்து தீர்மானத்தை மனப்பாடமாகச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேலைநிறுத்தத்தின்போது, கமிட்டியில் இருந்த எவனோ ஒருவன் உறுப்பினர் பட்டியலைப் பிரதி எடுத்து மில்லுக்குக் கொடுத்துவிட்டான்; மறுநாள் காலையில் வேலையிலிருந்து நீக்கிய பதினான்கு பேரின் பெயர் கேட்டில் ஒட்டியிருந்தது. அன்று மாலையே பொதுக்குழு கூடி, அங்கமுத்து முன்மொழிய, ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம்: சங்கத்தின் ஆவணம் எதுவானாலும் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக மட்டுமே இருக்கும்.

"ஒரே பிரதின்னா ஆபத்துங்க தோழர்."

"ரெண்டு பிரதின்னா துரோகம் ஜாபரு. புதுசு காலியா இருக்கட்டும், எழுதறதுக்கு வெச்சுக்கறோம். பழசைக் கழட்டி என் கையில குடுங்க. நானே கோர்ட்டுக்குக் கொண்டுபோறேன்."

இப்படித்தான் அது கழற்றப்பட்டது.

ஆறு ஆட்கள், ஒரு சாக்கு, இரண்டு மூங்கில் கழிகள். தெருவில் போனவர்கள் என்ன என்று கேட்டார்கள், சங்கத்து டிஸ்க்கு என்று பதில் வந்ததும் தாங்களும் ஒரு கை கொடுத்தார்கள். கழிவுப் பஞ்சு மண்டி குப்பண்ணன், அங்கமுத்துவோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர், தன் மேடைத் தராசில் அதை ஏற்றச் சொன்னார். தொண்ணூற்றொரு கிலோ இருநூறு கிராம். தராசை ஒரு தட்டுத் தட்டி மறுபடி பார்த்தார். அதே எடை. "சரியான பொருளுதான்" என்றார், பஞ்சு மூட்டையைச் சொல்வதுபோல. அதோடு ஊர் அதை ஏற்றுக்கொண்டது. மண்டிக்கும் சங்க அலுவலகத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். தராசையும் டிஸ்க்கையும் சேர்த்து அப்படியே அலுவலகத்துக்குள் தள்ளி வைத்தார்கள்.

ஏன் அத்தனை எடை என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது எல்லாம் அதை எங்கே வைப்பது, தரை தாங்குமா, மழை வந்தால் ஒழுகுமா என்பதுதான். பொங்கலுக்குக் கல் தூக்கும் இளவட்டங்கள் வந்து தூக்கிப் பார்த்தார்கள், மூன்று பேர் முழங்கால்வரை தூக்கினார்கள், ஒருவன் கால்விரலில் போட்டுக்கொண்டு அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தான். வெள்ளிக்கிழமை யாரோ அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட, அங்கமுத்து சத்தம் போட்டு, அவர் சத்தத்துக்குப் பெண்கள் பதில் சத்தம் போட்டு, கடைசியில் தராசுக்கு மட்டும் பொட்டு வைக்கலாம், டிஸ்க்குக்குக் கூடாது என்று ஒப்பந்தமானது. எடை அளவை ஆய்வாளர் ஜீப்பில் வந்தார், தராசைச் சோதித்தார், ஒரு கிராம்கூடப் பிசகவில்லை என்று முத்திரை அடித்தார், டீ குடித்தார், போனார். அவருக்குத் தராசுதான் வேலை, தராசின்மேல் இருப்பது வேலை இல்லை. ஜாபர் கடைக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் பழைய டிஸ்க்குகளைக் கொண்டுவந்து எங்களுடையதையும் கழற்றிப் பாருங்கள் என்றார்கள். கழற்றியவை எல்லாம் உள்ளங்கையில் அடங்கி லேசாகக் கிடந்தன, வந்தவர்கள் முகம் தொங்கித் திரும்பிப் போனார்கள், ஜாபர் அவர்களுக்கும் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு அனுப்பினார்.

அங்கமுத்துவுக்கு அந்த நாட்கள் வாழ்க்கையின் நல்ல நாட்கள். ஆயுளில் முதல்முறையாக அவர் சொன்னதைத் தராசு சொன்னது. புது டிஸ்க் போட்ட லேப்டாப் ஒன்பது நொடியில் திறந்துகொள்ள, அதில் உட்கார்ந்து பிரசுரம் எழுதினார்: 'எங்கள் உழைப்பின் எடை தொண்ணூற்றொரு கிலோ இருநூறு கிராம். முதலாளியே, உன் பொய்யின் எடை என்ன?' ஆயிரம் பிரதி அடித்து பஸ் ஸ்டாண்டில் அவரே நின்று கொடுத்தார். அலுவலக வாசலில், வேலைநிறுத்தச் செய்தி எழுதும் பச்சைப் பலகையில், தினமும் காலை ஏழு மணிக்குத் தராசைப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குண்டு குண்டாக எழுதினார்: இன்றைய எடை. எண்ணை மறைப்பவன் முதலாளி, எண்ணை எழுதி வைப்பவன் தொழிலாளி என்று அவரே ஒரு காலத்தில் எழுதியிருந்தார்.

ஒன்று மட்டும் அவர் கவனிக்கவில்லை. முன்பு பதினோரு நிமிஷம் காத்திருக்கும்போது உறுப்பினர்கள் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். யார் வீட்டில் என்ன, யாருக்கு எங்கே வேலை, மில்காரன் யாரைப் பார்த்துச் சிரித்தான், எல்லாம் அந்தப் பதினோரு நிமிஷத்தில் வெளிவந்துவிடும். ஒன்பது நொடியில் யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் தராசு தொண்ணூறு கிலோ எழுநூறு காட்டியது.

குப்பண்ணன் வந்து பார்த்தார். "ஆடிக் காத்துப்பா. பஞ்சு மூட்டையே காயுது, இது காயாதா? ஒண்ணும் நெனைச்சுக்காத." அங்கமுத்து அதையே எழுதினார்: 90.700. மறுநாள் 90.300. அதற்கு மறுநாள் 89.450. காற்று அடித்த நாளும் குறைந்தது, அடிக்காத நாளும் குறைந்தது. கோயிலுக்குப் போகும் பெண்கள் நின்று படித்துவிட்டு, கோர்ட்டுக்குப் போக லேசாகுது, பாவம் அதுக்கும் தெரியுது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் படித்தார்கள். எண்பத்து நான்கு. எழுபத்தெட்டு. எழுபத்தொன்று. உறுப்பினர்கள் சாயங்காலக் கூட்டத்துக்கு வருவது குறைந்தது. ஒருவருக்குக் கெடா வெட்டு, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு இடுப்பு வலி. அங்கமுத்து காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தாமல், முழுப் பேச்சையும் பேசினார். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எடை அறுபதுக்குக் கீழே இறங்கியது. அவர் எழுதினார். மறுநாள் காலை தராசைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மறுபடி பார்த்தார். இருபத்திரண்டு.

அதையும் எழுதினார். எழுதிவிட்டு ஜாபரைக் கூப்பிடப் போனார்.

ஜாபர் லேப்டாப்பைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு ஒயரால் டிஸ்க்கை இணைத்தார். பார்ப்பது பிரதி எடுப்பது ஆகாது என்று அங்கமுத்து அனுமதித்திருந்தார். திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு போல்டர் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெயர். ஜாபர் ஒன்றைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்தது, ஒன்றும் இல்லை. அடுத்தது.

"யாரு அழிச்சது?"

"யாரும் தொடலீங்க தோழர். தேதியைப் பாருங்க. நான் கழட்டுன செவ்வாக்கெழமைக்கு அப்புறம் இதுல ஒரு கை படலை." ஜாபர் எண்ணிக்கொண்டே போனார், எண்ணி முடித்ததும் மெதுவாகச் சொன்னார். "நூத்தி அறுபது காலிங்க."

"முதல்ல காலியானது எது?"

"அதெப்படிங்க தெரியும்..." என்றவர், ஏதோ ஒன்றை அமுக்கி, திரையைப் பார்த்து, பிறகு அதைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "அதை விடுங்க தோழர்."

அங்கமுத்து எட்டித் திருப்பினார். வரிசையில் முதலாவதாக நின்றது தெய்வானையின் பெயர்.

அவள் வீடு மூன்று தெரு தள்ளி. அவளுக்கு இருபத்தொரு வயதில் மில்லுக்குள் வந்த நாளில் சங்கச் சீட்டைக் கையில் கொடுத்தவர் அவர்தான். மேடையில் நிற்கச் சொல்லிக் கொடுத்தது, மைக்கை எத்தனை தூரத்தில் பிடிக்கவேண்டும் என்று சொன்னது, போலீஸ் வண்டியில் முதல் ஆளாக ஏறுகிறவள் கடைசி ஆளாக இறங்கவேண்டும் என்று சொன்னது, எல்லாம் அவர். வாசலில் அவள் முருங்கைக்காய்க் கட்டுகளை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"எல்லாம் காலியா கெடக்குது அம்மிணி."

"தெரியுமுங்கண்ணா."

"என்ன தெரியும்?"

"மொத மொத அரைக்கிலோ கொறஞ்சுதே, அது நானு."

அங்கமுத்து சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நிறுத்தவில்லை, ரொம்ப நாளாகச் சொல்ல வைத்திருந்தது போலச் சொன்னாள்.

"நம்ம மில்காரங்களே கெழக்கால புது யூனிட்டு தொறந்திருக்காங்கல்ல. அங்க கூப்புட்டாங்க. ஒரே ஒரு காயிதம்ணா. 'நான் இந்த மில்லில் இதற்கு முன் ஒருநாளும் வேலை செய்ததில்லை.' அதுல கையெழுத்துப் போட்டா புது ஆளாச் சேத்துக்குவாங்க. மூணு வருசமா முருங்கைக் காட்டுல குனிஞ்சு குனிஞ்சு எனக்கு நிமிரவே மறந்துபோச்சு. போட்டேன். போட்டுட்டு அன்னிக்கு முழுக்கச் சோறு எறங்கலை. மறுநாள் காலைல பலகையப் பாத்தேன். அரைக்கிலோ இல்லை. என்ரதுதான்னு பாத்த ஒடனே தெரிஞ்சுது. இருபத்திரண்டு வருசம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிண்ணா சொல்றது? நீங்க கேக்கற ஆளா, சொல்ற ஆளா?"

அவர் தானாகவே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அதுக்கு மறுநாள் இன்னொரு நானூறு கொறஞ்சுது பாருங்க, அப்பத்தான் எனக்கு மனசு ஆறுச்சு. அட, நான் ஒருத்தி மட்டும் இல்லை, இன்னொரு ஆளும் போட்டிருக்குதுன்னு. யாருன்னு தெரியலை, கேக்கவும் இல்லை. ஆனா ஒண்ணு. தெனமும் எல்லாரும் வந்து படிச்சாங்கண்ணா. நீங்க குண்டு குண்டா எழுதுவீங்களே, பஸ்ஸுல இருந்தே தெரியும். இன்னிக்கு எத்தனை பேரு போயிட்டாங்க, இன்னும் எத்தனை பேரு இருக்கறாங்கன்னு அதைப் பாத்துத்தான் கணக்குப் போட்டாங்க. குப்பண்ணன்கூட ஒரு வருச வேலைக்கு இருபத்துமூணு கிராம் எடைன்னு கணக்குச் சொல்லிட்டாரு."

"குப்பனுக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமுங்க. புது யூனிட்டுக்கு ஆள் ஏத்தற பஸ்ஸு அங்க நின்னு படிச்சுட்டுத்தான் போகும். அறுபதுக்குக் கீழ போனதும் மிச்சம் இருந்தவங்கள்ல பாதிக்கு மேல பயந்துட்டாங்க. இனி நின்னா ஒத்தையாத்தான் நிக்கோணும்னு ஒரே நாள்ல ஓடிப் போயிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது. நாங்களும் நெனைச்சோம், அண்ணனுக்குத் தெரிஞ்சுதான் எழுதறாரு, எல்லாரும் போங்கன்னு சொல்லாமச் சொல்றாருன்னு."

"நான் அப்படிச் சொல்ற ஆளா?"

"இல்லீங்க." தெய்வானை சாக்கை இன்னொரு முறை இழுத்து மூடினாள். "இல்லைன்னுதான் எங்களுக்கும் தெரியும். ஆனா அப்படி நெனைச்சுக்கிட்டாக் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு."

பச்சைப் பலகையை அவர் அன்று அழிக்கவும் இல்லை, அதற்கப்புறம் எழுதவும் இல்லை. மிச்சம் இருந்த ஐம்பத்தொரு பேரும் அடுத்தடுத்த நாட்களில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். துரோகம் என்ற வார்த்தையை அவர் ஆயுளில் எத்தனையோ பிரசுரங்களில் எழுதியிருக்கிறார், கரும்புள்ளி வைத்துப் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார், அந்த வார்த்தைக்குள் எப்போதும் ஒரு ஆள் இருப்பான், ஒரு முகம் இருக்கும், கல்லெறிய ஒரு வீடு இருக்கும். இருநூற்றுப் பதினோரு முகத்தோடு வரும் துரோகத்தை எந்தப் பிரசுரத்திலும் அவர் படித்ததில்லை, அதன் கடைசி வரியைத் தானே சுண்ணக்கட்டியால் எழுதுவேன் என்றும் நினைத்ததில்லை. குப்பண்ணன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார்.

"ஏப்பா அங்கமுத்து, எங்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்பா."

"கேக்காமயே ஆடிக் காத்துன்னியே?" என்றார் இந்தப் பக்கம் இருந்தவர். அதற்குமேல் அந்தச் சுவர் வழியாகப் பேச்சு இல்லை.

விசாரணை நாளன்று காலை தராசில் இருந்ததை ஒரு கையால் எடுத்தார். அவருடைய ஆறு வருஷமும் டிஸ்க்கின் தகரமும் மட்டும் மீந்திருந்தன. சட்டைப் பைக்குள் போட்டதும் பை கீழே தொங்கி, சட்டையை ஒரு பக்கமாக இழுத்தது. லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே மாவட்டத் தலைநகர் போய்ச் சேர்ந்தார். கூட ஒருவரும் வரவில்லை. வக்கீல் அம்மா மட்டும் படிக்கட்டில் காத்திருந்தார். அவரிடம் முன்பே தொலைபேசியில் சொல்லியாயிற்று, அவர் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை.

குமாஸ்தா மனுதாரர் பட்டியலைப் படித்தார். ஒவ்வொரு பெயராக, அப்பன் பெயரோடு, டோக்கன் எண்ணோடு படித்தார். முதல் பெயர் படித்தபோது அறை அமைதியாக இருந்தது. பத்தாவது பெயருக்கும் அமைதி. நாற்பதாவது பெயர், கார்டிங் பிரிவில் கை நசுங்கியவன், அமைதி. எழுபதாவது பெயர், மூன்று பிள்ளைகளையும் மில் தொட்டிலில் போட்டு வளர்த்தவள், அமைதி. தெய்வானை பெயர் வந்தது, போனது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, குமாஸ்தா தண்ணீர் குடித்துக்கொண்டார், நூற்றுப் பதினெட்டு, நூற்று ஐம்பத்திரண்டு, நூற்றுத் தொண்ணூறு, பெயர்கள் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்ட கல்லைப் போல விழுந்தன, எதற்கும் தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. கடைசிப் பெயர் அவருடையது.

"இருக்கேனுங்க" என்றார்.

மில்லின் வக்கீல் எழுந்தார். இளைஞர், மரியாதையான ஆள். கையில் இருநூற்றுப் பதினோரு காகிதம் இருந்தது. அதை அதிகாரியின் மேஜைமேல் ஓசையில்லாமல் வைத்தார். இவர்கள் அனைவரும் தாங்கள் அங்கே வேலை செய்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். பிறகு அங்கமுத்துவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"ஆனால் ஐயா விஷயத்தில் நிர்வாகம் எதையும் மறைக்க விரும்பவில்லை. அவருடைய பெயர் எங்கள் பழைய பதிவேட்டில் இருக்கிறது. ஆறு வருஷம் எங்கள் தொழிலாளியாக இருந்திருக்கிறார், நல்ல வேலைக்காரர் என்று மேஸ்திரியே குறிப்பு எழுதியிருக்கிறார். அதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். அவருக்குச் சான்றிதழ் கொடுக்கவும் நிர்வாகம் தயார்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நல்லது. அவர் ஒருவர் மட்டும் மில்லின் தொழிலாளி என்று பதிவு செய்துவிடலாமா?"

வக்கீல் அம்மா அங்கமுத்துவின் காதில் ஒத்துக்கொள்ளச் சொன்னார். முப்பத்துச் சொச்சம் வருஷமாக அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் வெயிலில் நின்றார், அடி வாங்கினார், உள்ளே போனார். அந்த வரி இப்போது வந்துவிட்டது. அது வந்தது முதலாளியின் வாயிலிருந்து, அவருக்கு மட்டும் வந்தது, அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராகத் துடைத்துக்கொண்டு போன மேஜைமேல் வந்தது.

"ஒரு சந்தேகமுங்க" என்றார். கூட்டத்தில் பேசும் குரல், சுவர் வரைக்கும் போகும் குரல். "அவங்க யாரும் அங்க இல்லைன்னா, இத்தனை வருசமும் கார்டிங்கு, ஸ்பின்னிங்கு, ரீலிங்கு எல்லாத்தையும் நான் ஒருத்தனே ஓட்டினேனுங்களா? மூணு ஷிப்டும் நானேங்களா?"

மில்லின் வக்கீல் தரையைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க சார். ஒருத்தனால ஓட்ற மில்லாங்க அது?"

"பெரியவரே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. "நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்களா, இல்லையா?"

அங்கமுத்து நிமிர்ந்து நின்றார். நிமிர்ந்தபோதும் பையின் இழுப்பில் சட்டை ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது.

"இல்லீங்க" என்றார். "நானும் ஒருநாளும் அங்க வேலை பார்த்ததில்லை. எழுதிக்குங்க."

தட்டச்சுச் செய்யும் பெண் அதிகாரியைப் பார்த்தாள், அதிகாரி தலையசைத்தார், அவள் அந்த வரியை அடித்தாள். அடித்து முடித்த நொடியில் சட்டை நேரானது. அங்கமுத்து அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. நீட்டிய பேனாவை வாங்கி, முப்பத்துச் சொச்சம் வருஷமாக அந்த மில்லுக்கு எதிராகப் போட்டுவந்த அதே பெரிய கையெழுத்தைப் போட்டார்.